கல்லூரிக் கணக்கில் விடுபடும் ஆள்

2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கரின் பட்ஜெட் வரைவு வெளியானது. அதற்குள் புதைந்து கிடந்த ஒரு சின்னத் திருத்தம் சிலர் கண்ணில் பட்டது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்ன என்று சொல்லும் சட்டப் பிரிவில் 'உண்மையைத் தேடுவது' என்ற வாசகத்தை அடித்துவிட்டு, 'மாநிலத்தின் ஆள்தேவையை நிறைவு செய்வது' என்று சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், அது வரைவில் நேர்ந்த பிழை என்று ஆளுநர் சொன்னார். பழைய வாசகம் திரும்பி வந்தது. பிழையோ இல்லையோ, கல்லூரி எதற்கு என்ற சண்டையின் இரண்டு பக்கமும் அந்த ஒரு திருத்தத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது.

இது ஒரு மாநிலத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஜப்பானின் கல்வி அமைச்சர் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய கடிதம், கலை மற்றும் சமூக அறிவியல் துறைகளை மூடுங்கள், இல்லாவிட்டால் சமூகத்தின் தேவைக்கு ஏற்றபடி மாற்றுங்கள் என்று கேட்டது. 2020-ல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டு வரலாறு, தத்துவம் போன்ற படிப்புகளில் மாணவர் கட்ட வேண்டிய தொகையை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றியது, நர்சிங், ஆசிரியர் பயிற்சிக்குக் குறைத்தது. 2023-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஒரே மூச்சில் 28 பட்டப்படிப்புகளை நிறுத்தி 143 ஆசிரியர் இடங்களை வெட்டியது. இன்னொரு பக்கம், பெரிய நிறுவனங்களும் சில அரசுகளும் 'பட்டம் கட்டாயமில்லை, திறமை இருந்தால் போதும்' என்று அறிவிக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில அரசு தன் ஆயிரக்கணக்கான பணியிடங்களுக்கு 2022-லேயே அப்படி அறிவித்துவிட்டது.

இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. பட்டத்தின் வேலை சம்பளம் வாங்கித் தருவதுதான் என்கிறார்கள், அப்புறம் வேலைக்குப் பட்டமே வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் சரியென்றால் கல்லூரி எதற்கு? பதில் சொல்வதற்கு முன் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

## மூன்று சொற்கள்

1. மனித மூலதனம். படிப்பு ஒருவரின் உழைப்புத் திறனைக் கூட்டுகிறது, கூடிய திறனுக்குச் சந்தை கூடுதல் கூலி தருகிறது, ஆகவே படிப்பும் ஒரு முதலீடுதான் என்ற கருத்து. தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1960-களில் இதற்கு உருவம் கொடுத்தார்கள். இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கல்விக் கடன் விளம்பரம் முதல் அமைச்சர் பேச்சு வரை எல்லாவற்றிலும் ஓடுவது இந்தக் கருத்துதான்.

2. சமிக்ஞை. 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் முன்வைத்தது. வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கஷ்டமான ஒன்றை முடித்துக் காட்டியவர் என்பதற்கு அடையாளமாகப் பட்டத்தைப் பார்க்கிறார். இந்தக் கோணத்தில் படிப்பு உங்களை மாற்றவே வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே எப்படிப்பட்டவர் என்று காட்டினாலே போதும். இதற்கு ஆதரவாகக் காட்டப்படும் ஒரு விஷயம் உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பில் மூன்று ஆண்டு படித்து விட்டுவிட்டவருக்கு முக்கால் பங்கு பலன் கிடைப்பதில்லை, கடைசி ஆண்டை முடித்துப் பட்டம் கையில் வாங்கும்போதுதான் ஊதியம் சட்டென்று தாவுகிறது. பொருளியலாளர்கள் இதை 'ஆட்டுத்தோல் விளைவு' என்பார்கள், அந்தக் காலத்தில் பட்டத்தை ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்ததால்.

3. பொதுப் பலன். ஒருவர் படித்ததால் அவருக்கு அல்லாமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது. நன்றாகப் படித்த மருத்துவரின் சம்பளம் அவருக்கு, சரியான சிகிச்சை நோயாளிக்கு. யாருடைய சம்பளச் சீட்டிலும் இது முழுசாகப் பதிவாவதில்லை.

முதல் இரண்டுக்கும் நடுவே பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் இரண்டிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது, கவனியுங்கள். பலனை இரண்டுமே சம்பளத்தில்தான் அளக்கின்றன. கல்லூரி வேறு எதற்காவது இருக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

## சம்பளக் கணக்கு பொய்யா?

பொய் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி, பள்ளிப் படிப்போடு நின்றவரின் இடைநிலை வார ஊதியம் 899 டாலர், இளநிலைப் பட்டதாரிக்கு 1,493 டாலர். வேலையின்மையும் பட்டதாரிகளிடம் குறைவு, 3.9 சதவீதத்துக்கு எதிராக 2.2 சதவீதம். வயிற்றுப்பாடு முக்கியம், அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்கள்.

ஆனால் இந்த இடைவெளி முழுவதையும் கல்லூரியின் கணக்கில் எழுத முடியாது. கல்லூரிக்குப் போனவர்களும் போகாதவர்களும் தொடக்கத்திலேயே ஒரே மாதிரி ஆட்கள் இல்லை: குடும்ப வசதி, பள்ளியின் தரம், தெரிந்தவர்களின் வட்டம் எல்லாம் வேறு. தவிர, இடைநிலை எண் என்பது பாதிப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. அந்தக் கீழ்ப்பாதியில் கடனோடு நிற்பவருக்கு இந்தப் புள்ளிவிவரம் ஆறுதல் தராது. அமெரிக்காவில் மட்டும் மாணவர் கடன் பாக்கி 1.7 லட்சம் கோடி டாலர் அளவில் இருக்கிறது.

இந்தக் கடன் மாணவர்களின் பேச்சையும் மாற்றியிருக்கலாம். அங்கே 1966 முதல் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. 1960-களின் கடைசியில், 'வாழ்க்கையைப் பற்றி அர்த்தமுள்ள ஒரு பார்வையை உருவாக்கிக்கொள்வது' மிக முக்கியம் என்று சொன்னவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். 2010-களில் அந்த 80 சதவீதத்தைத் தாண்டிய இடத்துக்கு வந்தது 'பண வசதியோடு இருப்பது'. பிள்ளைகளுக்குப் பேராசை வந்துவிட்டது என்று இதைப் படிப்பது சோம்பேறித்தனம். செலவைப் பொதுப் பணம் ஏற்ற காலத்தில் மாணவரால் அர்த்தத்தைப் பற்றி யோசிக்க முடிந்தது, செலவு அவர் தலையில் விழுந்தபின் தவணையைப் பற்றி யோசிக்கிறார். 1967-ல் கலிபோர்னியா ஆளுநராகப் பதவிக்கு வந்த ரொனால்ட் ரீகன், அறிவு ஆர்வத்துக்கு வரிப்பணத்தில் மானியம் தர வேண்டியதில்லை என்று பேசினார். அந்த வழியில் நாடு போனது, மாணவர்களும் அதற்கேற்பப் பதில் சொல்கிறார்கள்.

## 'அந்தக் காலத்தில் அறிவுக்காகப் படித்தார்கள்' என்ற கதை

வேலைவாய்ப்புப் பேச்சை எதிர்ப்பவர்களிடம் ஒரு பொற்காலக் கதை உண்டு. ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் தூய அறிவுக்காக மட்டும் இருந்தனவாம், பிற்பாடு சந்தை வந்து கெடுத்ததாம். இது உண்மை இல்லை.

ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமான இத்தாலியின் பொலோனியா, மரபுப்படி 1088-ல் தொடங்கியது, புகழ்பெற்றது சட்டப் படிப்புக்கு. அதாவது வக்கீல் ஆகவும் அரசவை, திருச்சபை நிர்வாகத்தில் வேலை பார்க்கவும். 'யூனிவர்சிட்டாஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே அன்றைக்குச் சங்கம் என்றுதான் பொருள். பொலோனியாவில் அது மாணவர்களின் சங்கம்: அவர்களே ஆசிரியர்களை அமர்த்தினார்கள், தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதம் போட்டார்கள். 'காசு கொடுக்கிற மாணவர் ஒரு வாடிக்கையாளர்' என்பது நம் காலத்துப் புதுச் சீரழிவு என்று நினைப்பவர்கள் பொலோனியாவைப் பார்க்கலாம்.

ஆக, வேலை எப்போதும் உள்ளே இருந்தது. ஆனால் அன்றைய பல பல்கலைக்கழகங்களில், பாரிஸில் குறிப்பாக, சட்டம், மருத்துவம், இறையியல் ஆகிய தொழில் படிப்புகளுக்குள் போவதற்கு முன் ஒரு வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற ஏழு கலைகள். இவற்றுக்குப் பொதுப் பெயர் 'சுதந்திர மனிதனுக்குரிய கலைகள்'. அந்தப் பெயரில்தான் முழு விவகாரமும் இருக்கிறது.

## யாருக்கு எந்தக் கல்வி

சுதந்திர மனிதன் என்றால் அடிமையாக இல்லாதவன். பண்டைய கிரேக்க, ரோமானியச் சமூகங்களில் மேல்தட்டினர் கைத்தொழிலை அடிமைக்குரிய வேலையாகவே பார்த்தார்கள். அடிமைக்கு எப்படிச் செய்வது என்று தெரிந்தால் போதும். எதைச் செய்வது, ஏன் செய்வது என்பதைத் தீர்மானிக்கிறவனுக்குத்தான் தர்க்கமும் பேச்சுக்கலையும் தேவைப்பட்டன, ஏனென்றால் சபையில் எழுந்து வாதாட வேண்டியவன் அவன். இப்படிப் பார்த்தால் வேலைத்திறன் கல்விக்கும் பரந்த கல்விக்கும் உள்ள பிரிவு பாடங்களை வைத்துப் பிறந்தது இல்லை. ஆட்களைப் பிரித்துவிட்டு அதற்கேற்பப் பாடங்களைப் பிரித்தார்கள்.

இதை அறிந்தே மோதிக்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்கள் இருவர். அடிமையாகப் பிறந்து 1881-ல் டஸ்கிகீ பயிற்சி நிலையத்தின் முதல் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன், விடுதலை பெற்ற மக்களுக்கு முதலில் தொழில் வேண்டும் என்றார்: செங்கல் அறுக்க, தச்சு செய்ய, நிலம் உழக் கற்றுப் பொருளாதாரத்தில் காலூன்றினால் மரியாதை தானாக வரும். டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் இதை ஏற்கவில்லை. கல்வியின் நோக்கம் மனிதர்களைத் தச்சர்களாக்குவது இல்லை, தச்சர்களை மனிதர்களாக்குவது என்று 1903-ல் எழுதினார். தொழிற்கல்வி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்று ஒரு மக்கள் கூட்டத்துக்கு வேறொருவர் தீர்மானித்துக் கொடுப்பதைத்தான் மறுத்தார்.

எனக்கு இருவரில் டூ பாய்ஸின் வாதமே வலுவாகத் தெரிகிறது. ஆனால் வாஷிங்டனைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது, பசியில் இருப்பவர்களோடு நேரடியாக வேலை செய்தவர் அவர். இந்தப் பழைய சண்டையிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ள ஒரு சோதனை இருக்கிறது. 'இந்தப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி போதும்' என்று மேடையில் பேசுகிறவர் தன் வீட்டுப் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார் என்று பாருங்கள்.

## கணக்கில் விடுபடும் ஆள் யார்

சரி, இப்போது மையக் கேள்வி. வேலையும் சம்பளமும் கல்லூரியால் வருகின்றன, எப்போதும் வந்தன. அப்படியானால் அவற்றையே நோக்கம் என்று வைத்துக்கொண்டால் என்ன குறை?

படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முதலீட்டுக் கணக்கு எதுவானாலும் அதில் ஓர் அனுமானம் இருக்கிறது: பணம் போடுபவரும் பலனை அனுபவிப்பவரும் ஒரே ஆள், இடையில் அவருக்கு எது பெரிது எது சிறிது என்பது மாறவில்லை. நிலத்தில் பணம் போடுகிறீர்கள், விலை ஏறுகிறது, விற்கிறீர்கள். அந்த நிலம் உங்கள் ஆசைகளைத் திருத்துவதில்லை.

2. கல்லூரி, ஒழுங்காக நடந்தால், அதைத்தான் செய்கிறது. 17 வயதில் உள்ளே போகும் ஒருவருக்குத் தெரிந்த தொழில்கள் பத்து, தெரிந்த கேள்விகள் அதைவிடக் குறைவு. நான்கு ஆண்டு கழித்து வெளியே வருபவருக்கு முன்பு பெயர்கூடத் தெரியாதிருந்த ஏதோ ஒன்று முக்கியமாகப் படுகிறது. நோயைக் கண்டுபிடிப்பதைவிட நோய் ஏன் ஏழைத் தெருவில் அதிகம் வருகிறது என்பது, பாலம் கட்டுவதைவிட எந்தப் பாலம் விழும் என்பதை முன்கூட்டி அறிவது, இப்படி.

3. அதனால் 17 வயதில் போட்ட லாபக் கணக்கு, பிற்பாடு அந்த வாழ்க்கையை வாழப்போகிற ஆளின் விருப்பங்களை வைத்துப் போட்டது இல்லை. போட்டவர் வேறு, வாழப்போகிறவர் வேறு. எதை லாபம் என்று சொல்வது என்பதே படிப்பின் ஊடே மாறும்போது, லாபத்தைக் கொண்டு படிப்பைத் தேர்வு செய்வது வட்டத்துக்குள் ஓடுவது போன்றது.

4. எனவே சம்பளம் கல்லூரியின் விளைவுகளில் ஒன்றாக இருக்கலாம், பெரிய விளைவாகவும் இருக்கலாம். நோக்கமாக இருக்க முடியாது. அந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தீர்மானிக்கும் ஆள் உருவாவதுதான் அங்கே நடக்க வேண்டிய வேலை, கணக்கில் விடுபடும் ஆளும் அவர்தான்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உடனே வரும். திருமணம் மாற்றுகிறது, ராணுவம் மாற்றுகிறது, பத்து வருட வேலையும் ஆளை மாற்றுகிறது. கல்லூரிக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு? உண்மைதான், வேலை மாற்றுகிறது, ஆனால் தன் தேவைக்கு ஏற்றபடி மாற்றுகிறது. நிறுவனத்துக்கு எது நல்லதோ அதை விரும்பக் கற்றுக்கொடுக்கிறது, அப்படி விரும்புவது சரியா என்று கேட்க உங்களுக்கு நேரமும் தருவதில்லை, கருவியும் தருவதில்லை. கல்லூரி மாற்றும்போது காரணங்களை உங்கள் முன் வைத்து மாற்ற வேண்டும், அந்தக் காரணங்களை நீங்கள் சோதித்துத் தள்ளவும் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் மூளைச்சலவைக்கும் வித்தியாசம் இல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இந்த வித்தியாசத்தை 1894-லேயே எழுதி வைத்தது. ரிச்சர்ட் ஈலி என்ற பொருளியல் பேராசிரியர் வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆதரவாக இருக்கிறார் என்று புகார் வந்தது. விசாரித்த ஆட்சிக்குழு அவரைக் குற்றமற்றவர் என்றதோடு, உண்மை கண்டறியப்படுவதற்கு ஒரே வழியான 'சலித்துப் புடைக்கும்' வேலையை இந்தப் பல்கலைக்கழகம் அஞ்சாமல் ஊக்குவிக்க வேண்டும் என்றும் அறிக்கையில் சேர்த்தது. 1910-ல் படிப்பை முடித்த மாணவர்கள் அந்த வாசகத்தை உலோகப் பலகையில் வார்த்துப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைச் சுவரில் ஏற்ற நிர்வாகத்துக்கு மனம் வர 1915 ஆயிற்று. புடைக்கிறவர் உமி எது நெல் எது என்று கையால் பார்த்து ஒதுக்குகிறார், முறத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டால் அது புடைத்தல் ஆகாது.

## அப்படி என்னதான் நடக்கிறது உள்ளே

'ஆளை மாற்றுவது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கல்லூரி விளம்பர வாசகம் போல ஆகிவிடும். குறிப்பாக நான்கு விஷயங்களைச் சொல்லலாம்.

1. தவறு என்றால் என்ன என்று ஒவ்வொரு துறையும் வேறு விதமாகச் சொல்கிறது. கணிதத்தில் நிரூபணத்தில் ஓட்டை விழுந்தால் தவறு. வேதியியலில் இன்னொருவர் செய்து பார்த்து வராவிட்டால் தவறு. வரலாற்றில் அந்தக் காலத்து ஆவணம் எதிர்த்துப் பேசினால் தவறு. சட்டத்தில் எதிர்த்தரப்பின் வாதத்துக்குப் பதில் இல்லாவிட்டால் தவறு. ஒரு துறையை ஆழமாகப் படித்தவருக்கு அதில் உள்ள தகவல்களில் முக்கால்வாசி மறந்துவிடும், ஆனால் 'இதை எப்படித் தெரியும் என்கிறாய்?' என்று கேட்கும் பழக்கம் தங்கிவிடும். இரண்டு துறைகளையாவது தொட்டவருக்கு, எந்தக் கேள்விக்கு எந்த வகைச் சான்று கேட்பது என்ற உணர்வும் வரும். பொய்ச் செய்தியும் போலி மருத்துவமும் இப்படிக் கேட்கத் தெரியாத இடத்தில்தான் கல்லா கட்டுகின்றன. இந்த நான்கு விஷயங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால்தான் முதலில் வைத்தேன்.

2. தேடாததைச் சந்திப்பது. நமக்கு வேண்டியதை நாமே தேடிப் படிக்கலாமே, கல்லூரி எதற்கு என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: இருப்பதே தெரியாத ஒன்றை யாரும் தேட முடியாது. கிளாட் ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் படித்தவர். அங்கே எடுத்துக்கொண்ட ஒரு தத்துவ வகுப்பில்தான் 19-ஆம் நூற்றாண்டின் ஜார்ஜ் பூல் உருவாக்கிய குறியீட்டுத் தர்க்கம் அவருக்கு அறிமுகமானது. 'உண்மை', 'பொய்' என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் வைத்துச் சிந்தனையைக் கணிதமாக எழுதும் முறை அது. பூலின் நூல் 1854-ல் வந்தது, எண்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 1937-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) எழுதிய முதுநிலை ஆய்வேட்டில் ஷானன், மின்சுற்றில் சுவிட்ச் திறப்பதும் மூடுவதும் அதே தர்க்கம்தான் என்று காட்டினார். இன்றைய எல்லாக் கணினிச் சுற்றுகளும் அந்த அடித்தளத்தில் நிற்கின்றன. மின்பொறியாளருக்குத் தத்துவம் எதற்கு என்று யாராவது பாடத்திட்டத்தை 'சீர்படுத்தி' இருந்தால், அந்த வகுப்பைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள். உடனே 'பார்த்தீர்களா, கடைசியில் அதுவும் பயன்பட்டுவிட்டது' என்று துள்ள வேண்டாம். பெரும்பாலான தத்துவ வகுப்புகளிலிருந்து கணினி வராது. எது பயன்படும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இங்கே செய்தி.

3. தன்னைப் போல இல்லாதவர்களோடு இருப்பது. வீடும் தெருவும் நமக்கு வாய்த்தவை. பணியிடம் ஒரே மாதிரி ஆட்களைச் சலித்தெடுக்கும் இடம். வேறு வர்க்கம், வேறு நம்பிக்கை, வேறு மொழி கொண்ட சம வயதினரோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கேள்வியில் தோற்கும் வாய்ப்பு வாழ்நாளில் அதிகம் வராது. கல்லூரியே ஒரே மாதிரி ஆட்களைச் சலித்தெடுத்தால் இதுவும் இல்லை.

4. அறிவைக் காத்து வைப்பது. யாரும் பேசாத மொழியை வாசிக்கத் தெரிந்த ஒருவர், மண்ணின் ஒரு வகைப் பூஞ்சையைப் பற்றி முழுமையாக அறிந்த ஒருவர், இப்படிப்பட்டவர்களை எந்தச் சந்தையும் சும்மா வைத்துக் காப்பாற்றாது. தேவை வரும் நாளில் உருவாக்கிக்கொள்ளலாம் என்றால் இருபது ஆண்டு ஆகும். அந்த ஒருவர் இருக்க வேண்டும் என்றால் அவரிடம் கற்க ஒவ்வொரு தலைமுறையிலும் நான்கு மாணவர்களாவது வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் வெட்டப்பட்டவற்றில் வெளிநாட்டு மொழிப் படிப்புகள் முக்கியமானவை.

## இதெல்லாம் நிஜத்தில் நடக்கிறதா

பல இடங்களில் நடப்பதில்லை. இதை மறைத்துவிட்டுக் கல்லூரியைப் புகழ்வது மோசடி.

ரிச்சர்ட் ஆரம், யோசிபா ரோக்சா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 24 கல்லூரிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு ஆண்டு முடிவில் 45 சதவீதம் பேரிடம் ஆராய்ந்து சிந்திப்பதிலும் எழுதுவதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. பயன்படுத்திய தேர்வு முறை மீது விமர்சனங்கள் வந்தன, அவற்றில் சில நியாயமானவை. ஆனாலும் வகுப்பில் குறிப்பு எழுதி, தேர்வில் அதையே திருப்பி எழுதி, மறந்து, பட்டம் வாங்கிய யாருக்கும் இந்த முடிவு அதிர்ச்சி தராது.

அப்படிப்பட்ட இடத்தில் மேலே சொன்ன நான்கில் ஒன்றுகூட நடக்கவில்லை, மிஞ்சுவது சமிக்ஞை மட்டும். அந்த நிலையில் 'இதற்கு ஏன் இத்தனை செலவு, ஆறு மாதப் பயிற்சி போதாதா' என்று கேட்பவர்தான் சரியாகக் கேட்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி இந்த இடத்துக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். பயிற்சி நிலையங்களிடம் தோற்கிற கல்லூரிகள் பெரும்பாலும், பெயரளவில் பரந்த கல்வி என்று சொல்லிக்கொண்டு உள்ளே மனப்பாடம் நடத்தியவை.

## விளைவுகள்

1. திறன் மட்டும் கற்றவரின் ஆபத்து, அந்தத் திறனின் ஆயுளோடு கட்டப்பட்டிருப்பது. குறிப்பிட்ட மென்பொருளையோ இயந்திரத்தையோ இயக்கக் கற்றவர், அது போனதும் மறுபடி முதல் படியில் நிற்கிறார். எழுத, கணக்கிட, வரைவு தயாரிக்க இயந்திரங்களே வந்துவிட்டபின் இந்த ஆயுள் இன்னும் சுருங்குகிறது. இயந்திரம் தரும் பதில் சரியா என்று பார்க்க, அந்தப் பதிலைத் தானே எழுதத் தெரிந்தவர் அளவுக்காவது விஷயம் தெரிய வேண்டும்.

2. ஊதியத்தை வைத்துத் துறைகளை மூடும் அரசு, இன்றைய சந்தை விலையை நாளைய தேவை என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு, எந்தப் பட்டம் குறைந்த சம்பளம் தருகிறது என்ற பட்டியலில் ஆசிரியர் வேலைக்கும் சமூகப் பணிக்கும் போகிற படிப்புகள் கீழே வரும். அந்த வேலைகளுக்கு நாம் குறைவாகக் கொடுக்கிறோம் என்பதற்கு அந்தப் படிப்புகள் பொறுப்பாக முடியாது.

3. பரந்த கல்வி வசதியானவர்களுக்கு மட்டும் என்று ஒதுங்கும். பணக்காரப் பழைய பல்கலைக்கழகங்கள் தத்துவத்தையோ இலக்கியத்தையோ மூடப் போவதில்லை. மூடுவது பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள் சேரும் இடங்களில். வாஷிங்டனும் டூ பாய்ஸும் மோதிக்கொண்ட அதே கேள்வி வேறு உடையில் திரும்பி வருகிறது.

கடன் வாங்கிச் சேரப்போகிற ஒருவரிடம் போய் 'சம்பளத்தை மறந்துவிடு' என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. வேலை தரும் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் தவறே கிடையாது. சேரும் இடத்தைப் பற்றி வேலைவாய்ப்புச் சதவீதத்தோடு இன்னும் சிலவற்றையும் விசாரிக்கலாம்: சொந்தத் துறைக்கு வெளியே பாடம் எடுக்க முடியுமா, எழுதிக் கொடுத்ததை யாராவது வாசித்துத் திருத்தித் தருகிறார்களா, ஆசிரியரை மறுத்துப் பேசினால் என்ன ஆகும். மூன்றாவது கேள்விக்குப் பழைய மாணவர்கள் சிரித்தால், விடை தெரிந்துவிட்டது.

## பட்டம் இல்லாத கல்லூரி

இந்த விவாதத்தில் அடிக்கடி வரும் ஒரு கற்பனைக் கேள்வி உண்டு. சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கலாம், ஆனால் பட்டம் தர மாட்டார்கள். அல்லது படிக்காமலே பட்டம் தருவார்கள். எது வேண்டும்? பெரும்பாலோர் பட்டத்தை எடுப்பார்கள், ஆகவே படிப்பு வெறும் வேஷம், சமிக்ஞைதான் உண்மை என்று வாதிடுவார்கள்.

கேள்வி சாமர்த்தியமானது, ஆனால் இதன் முதல் பாதியை ஒரு நாடு கற்பனையாக விடாமல் நடத்தியே பார்த்தது. டென்மார்க்கில் என்.எஃப்.எஸ். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணத்தில் பிறந்த மக்கள் உயர்பள்ளிகளில் முதலாவது 1844-ல் ரோடிங் என்ற ஊரில் திறந்தது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், பள்ளி வயதைத் தாண்டியவர்கள், சில மாதங்கள் அங்கேயே தங்கி வரலாறு, மொழி, பாட்டு, நாட்டு நடப்பு எல்லாம் பேசிக் கற்றார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது, இறுதித் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பட்டமும் கிடையாது. ஐந்தாண்டு கழித்து, 1849-ல், டென்மார்க்குக்கு அரசியல் சட்டம் வந்து முப்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பெரும் பகுதிக்கு வாக்குரிமையும் கிடைத்தது.

வேலை கொடுப்பவருக்குக் காட்ட அங்கிருந்து எதையும் எடுத்துக்கொண்டு வர முடியாது. சமிக்ஞைக் கோட்பாட்டின்படி அந்தப் பள்ளிகள் ஆள் வராமல் முதல் சில ஆண்டுகளிலேயே மூடியிருக்க வேண்டும். இன்றும் அந்த நாட்டில் பல பத்துக் கணக்கில் அவை நடக்கின்றன, பள்ளி முடித்த இளைஞர்கள் தொழிலோ பல்கலைக்கழகமோ தேர்ந்தெடுப்பதற்கு முன் அரை ஆண்டு அங்கே போய்த் தங்குகிறார்கள்.